ஹாரி பாட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவலுக்கு அமெரிக்கப் பள்ளிகளில் இரண்டு எண்கள் உண்டு. 5.5 என்று ஒன்று, 12 என்று ஒன்று. முதலாவது அதன் 'லெவல்': ஐந்தாம் வகுப்பில் பாதி ஆண்டைக் கடந்த ஒரு சராசரிப் பிள்ளை தானாகவே படிக்கக்கூடிய நடை என்று அர்த்தம். இரண்டாவது, புத்தகத்தை முடித்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் கணக்கில் ஏறும் புள்ளி. பல பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு இந்த நாவல் அறிமுகமாவதே இந்த எண்களோடுதான். யார் இந்த ஹாரி என்று தெரிவதற்கு முன்னாலேயே அவன் எத்தனை புள்ளி பெறுவான் என்று தெரிந்துவிடுகிறது.

இந்த அறிமுகம் தவறு என்பதுதான் என் வாதம். கொஞ்சம் பட்டி பார்த்தால் சரியாகிவிடும் என்கிற ரகத் தவறு இல்லை இது, அஸ்திவாரத்திலேயே இருக்கும் தவறு. மாணவர்களை ஒரு மாயக்கதைக்குள் அழைத்துப் போக நாம் கண்டுபிடித்திருக்கும் வழிகளிலேயே ஆக மோசமானது இது என்று நினைக்கிறேன். இந்தப் புத்தகத்தைத் தடை செய்யக் கிளம்பினவர்கள்கூட இவ்வளவு சேதம் செய்யவில்லை.

முதலில் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சூத்திரத்தைப் பிரித்துப் பார்க்காமல் திட்டுவது எங்கள் தொழிலுக்கு அழகில்லை.

திட்டத்தின் பெயர் 'ஆக்சலரேட்டட் ரீடர்'. 1980களில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜூடி பால் என்பவர் தன் பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்காக வீட்டில் உருவாக்கிய முறை அது. நோக்கம் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. பிறகு அது ரினைசான்ஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2014-ல் அந்த நிறுவனம் 110 கோடி டாலருக்குக் கை மாறியது.

லெவலைக் கணக்கிடும் சூத்திரத்தின் பெயர் 'ஏட்டாஸ்'. அது மூன்று விஷயங்களைப் பார்க்கும். வாக்கியங்களின் சராசரி நீளம், சொற்களின் சராசரி நீளம், அந்தச் சொற்கள் பொதுவாக எந்த வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரியவரும் என்ற கணக்கு. புள்ளிக்கான சூத்திரம் இன்னும் எளிது. லெவலோடு பத்தைக் கூட்டு, பத்தால் வகு, புத்தகத்தில் எத்தனை பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றனவோ அதால் பெருக்கு. முதல் ஹாரி பாட்டரில் சுமார் 77,500 சொற்கள். 15.5-ஐப் பத்தால் வகுத்தால் 1.55. அதை 7.75-ஆல் பெருக்கினால் 12.01. ஆக, பன்னிரண்டு. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி அறையில் பத்து வருஷம் படுத்துக் கிடந்த ஒரு பையனின் கதை அதில் எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

இதே சூத்திரம் ஸ்டைன்பெக்கின் 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலுக்கு 4.9 கொடுக்கிறது. ஹெமிங்வேயின் 'த சன் ஆல்ஸோ ரைஸஸ்' 4.4. பக்கத்துக்குப் பக்கம் கோட்டுச்சித்திரம் போட்ட நகைச்சுவைப் புத்தகமான 'டயரி ஆஃப் எ விம்ப்பி கிட்' 5.2. அதாவது போரில் காயப்பட்டு வந்தவனின் ஆண்மையின்மையையும் குடியையும் பேசுகிற நாவல், சீஸ் துண்டைத் தொட்டவனை எல்லாரும் ஒதுக்கிவைக்கும் பள்ளிக்கூடக் கலாட்டாவைவிட எளிது. சூத்திரத்தில் பிழை இல்லை. அது எதை அளக்கிறதோ அதை ஒழுங்காகவே அளக்கிறது. இந்த எண் உள்ளடக்கத்தைப் பற்றியது அல்ல என்று அந்த நிறுவனமே சொல்கிறது, எந்த வயதினருக்கு ஏற்றது என்பதற்குத் தனியாக ஒரு குறியீடும் வைத்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அலமாரியில் ஒட்டப்படுவதும் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்படுவதும் அந்த எண்தான். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

*

எண் தனியாக இருந்தால் ஒரு பாதகமும் இல்லை. அது பிள்ளையின் கையைப் பிடிக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். புத்தகத்துக்கு லெவல் இருப்பதுபோல பிள்ளைக்கும் லெவல் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்து, இவன் 3.1-இலிருந்து 4.2 வரை படிக்கலாம் என்று வரம்பு கட்டுகிறார்கள். சில பள்ளிகளில் நூலக அலமாரி முழுக்க வண்ண ஸ்டிக்கர்.

டாலஸ் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது இதை நேரில் பார்த்தேன். அக்கா பையன் அப்போது நாலாம் வகுப்பு. அவன் பள்ளியில் இருப்பது எந்த நிறுவனத்தின் திட்டம் என்பது எனக்குத் தெரியாது, அது முக்கியமும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி எல்லை வகுத்தது பள்ளிக்கூடம். நான் வாங்கிப் போயிருந்த முதல் ஹாரி பாட்டரை நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

"அது என் லெவல் இல்ல, மாமா. நான் யெல்லோ."

அவன் குரலில் வருத்தமோ வெட்கமோ இல்லை. ஷூ சைஸ் சொல்வதுபோலச் சொன்னான். கடையில் ஒன்பதாம் நம்பர் ஷூவைக் காட்டினால் எனக்கு ஏழுதான் என்போமே, அதுபோல. அதுதான் என்னை உறுத்தியது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் புத்தகத்தின்மேல் ஆசையாவது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கான கதை இது, எனக்கானதல்ல அது என்று ஒன்பது வயதில் ஒருவன் பிசிறில்லாமல் தீர்மானமாகியிருந்தான்.

அக்காவிடம் கேட்டேன். "ஸ்கூல்ல சொல்றாங்கன்னா ஏதாவது காரணம் இருக்கும்டா. ரொம்பக் கஷ்டமானதைக் கையில குடுத்தா படிக்கிறதையே வெறுத்துடுவாங்களாம்," என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நியாயத்தின் அடியில் இருக்கும் தவறைப் பார்ப்போம்.

இந்த வரம்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸோன் ஆஃப் ப்ராக்ஸிமல் டெவலப்மென்ட்'. கல்வித்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சொல். 1934-ல் 37 வயதில் காசநோயில் இறந்துபோன சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியுடையது. அவர் சொன்னது என்ன? ஒரு குழந்தை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைவிட விவரமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவினால் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அந்த மண்டலம். கற்பித்தல் நடக்க வேண்டிய இடமே அதுதான் என்றார். அந்த மண்டலத்தின் உயிர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

மென்பொருள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அந்த ஆளை எழுப்பி அனுப்பிவிட்டது. பிள்ளை யார் உதவியும் இல்லாமல், திணறாமல், தனியாகப் படிக்கக்கூடிய புத்தகங்களின் வரம்பு என்று அதற்குப் புது அர்த்தம் வந்துவிட்டது. வைகாட்ஸ்கி எங்கே ஆரம்பிக்கிறாரோ அங்கே இவர்கள் கதவைச் சாத்துகிறார்கள், அதுவும் அவர் பெயரைச் சொல்லியே. எங்கள் துறையில் ஒரு லைப்ரரியை இறக்கிக்கொண்டு அதன் முக்கியமான ஃபங்ஷனைக் கழற்றிவிட்டு, பெயரை மட்டும் அப்படியே விட்டுவைத்தால் கோட் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

வைகாட்ஸ்கி சொன்னபடி பார்த்தால் 3.1 பையனுக்கு 5.5 புத்தகம் தூரமே இல்லை. ஒரு மாமா வேண்டும், ஒரு பாயோ சோஃபாவோ வேண்டும், அவ்வளவுதான். அன்று ராத்திரி நானே வாசித்துக் காட்டினேன். மூன்றாவது அத்தியாயத்தில் அவன் குறுக்கிட்டான். "வெயிட். டட்லிக்கு ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணுல உடைஞ்ச டாய்ஸ்தான் இருக்கு. அப்புறம் ஏன் இவனைப் படிக்குக் கீழ படுக்க வைக்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. இடம் இல்லாததால் யாரும் யாரையும் படிக்குக் கீழே படுக்கவைப்பதில்லை என்பதை ஒன்பது வயதில் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். மஞ்சள் ஸ்டிக்கர் பையன்.

*

தடை செய்தவர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தக் கதைக்கு வருகிறேன். அமெரிக்க நூலகச் சங்கம், நீக்கச் சொல்லி அதிக எதிர்ப்பு வந்த புத்தகங்களின் பட்டியலை வெளியிடும். 2000-இலிருந்து 2009 வரையிலான பட்டியலில் முதலிடம் ஹாரி பாட்டர் வரிசைக்குத்தான். சூனியம் கற்றுக்கொடுக்கிறது, பெரியவர்கள் பேச்சை மீறச் சொல்கிறது என்பவை புகார்கள்.

2002-ல் ஆர்கன்ஸாஸ் மாநிலத்தின் சீடர்வில் என்ற ஊரில் பள்ளி வாரியம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ஒரு முடிவெடுத்தது. ஹாரி பாட்டர் புத்தகங்களை நூலகத்தின் பொது அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்க வேண்டும். வேண்டுமென்கிற பிள்ளை பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். தூக்கி எறியவில்லை, எரிக்கவில்லை, கையெழுத்து மட்டும். ஒரு மாணவியின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2003 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் புத்தகங்களைத் திரும்பவும் அலமாரியில் வை என்று தீர்ப்பளித்தது. ஒரு புத்தகத்தை எடுக்க அனுமதிச் சீட்டு கேட்பதே அந்தப் பிள்ளைமேல் ஒரு களங்கத்தை ஒட்டுவது, அதுவே தடைதான் என்பது தீர்ப்பின் சாரம். கெட்டித்தனமான தீர்ப்பு. புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டாலே போதும், பாதிப் பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நீதிபதிக்குத் தெரிந்திருந்தது.

அதே புத்தகம், அதே அலமாரி. கையெழுத்துக்குப் பதிலாக 5.5 என்று ஒரு ஸ்டிக்கர். "உன் லெவல் வந்ததும் எடுத்துக்கோ, கண்ணு" என்று நூலகர் சிரித்த முகத்தோடு சொல்கிறார். இதுவும் அனுமதிச் சீட்டுதான். சீடர்வில்லில் அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் கதவு திறந்தது. இங்கே அம்மா கையெழுத்து செல்லாது. இதற்கு ஒருத்தரும் வழக்குப் போடுவதில்லை, ஏனென்றால் இதில் வெறுப்பில்லை, மதம் இல்லை, கத்திப் பேசுகிற ஆள் இல்லை. அக்கறை மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி நூலகர்களின் சங்கமே புத்தகங்களுக்கு லெவல் ஒட்டுவதையும் லெவல்படி அடுக்குவதையும் எதிர்த்து 2011-ல் ஒரு நிலைப்பாட்டை அறிவித்தது. அதன் பிறகும் ஸ்டிக்கர்கள் ஒட்டப்படுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிக்கக் கிளம்பினவர்கள் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மரியாதை செய்தார்கள். அது ஒரு பிள்ளையை மாற்றிவிடும், உள்ளே புகுந்து ஏதோ பண்ணிவிடும் என்று நம்பினார்கள். பயந்தார்கள். புள்ளி போடுகிறவர்களுக்கு அந்தப் பயம்கூட இல்லை. அவர்களுக்கு அது 77,500 சொற்கள்.

இந்தக் கீழ்ப்பார்வை ஸ்டிக்கரில் ஆரம்பித்ததும் அல்ல. 1997 ஜூனில் லண்டனில் ப்ளூம்ஸ்பெரி வெளியிட்டபோது புத்தகத்தின் பெயர் 'ஹாரி பாட்டர் அண்ட் த ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்'. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஸ்காலஸ்டிக் வெளியிட்டபோது ஃபிலாசஃபர் போய் ஸார்ஸரர் வந்தார். தத்துவஞானி என்று அட்டையில் இருந்தால் அமெரிக்கப் பிள்ளை எடுக்காது என்று பயந்தார்கள். ரசவாதக் கல்லுக்கு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இருக்கும் பெயர் அது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பிள்ளை நிக்கலஸ் ஃபிளமெல் என்று பாரிஸில் நிஜமாகவே வாழ்ந்த மனிதர்வரை போய்ச்சேரலாம். அந்தக் கதவை அட்டையிலேயே மூடிவிட்டார்கள். சம்மதித்ததற்கு வருந்துவதாக ரௌலிங்கே பின்னால் சொன்னார். பிள்ளைக்குப் புரியாது என்று பெரியவர்கள் முடிவு கட்டும்போதெல்லாம் பிள்ளை இழப்பது என்ன என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

*

சரி, லெவல் தாண்டிவந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது? படித்து முடித்தவுடன் தேர்வு. தேர்ந்தெடுக்கும் விடைகள், நிகழ்ச்சிகளை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பார்க்கும் ரகம். மந்திரக்கோல் எந்த மரம்? ஆந்தை எங்கே வாங்கினது? இது போன்ற கேள்விகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: சரியான விடை ஒன்றுதான், இயந்திரமே திருத்திவிடும்.

கதை முடிந்ததும் கேள்வி கேட்பது நமக்கும் புதுசில்லை. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு வேதாளத்தை நினைவிருக்கும். ஒவ்வொரு கதை முடிவிலும் அது விக்கிரமாதித்தனிடம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாக வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் திரும்ப மரத்துக்குப் போய்விடும். இதைவிடக் கடுமையான தேர்வு உலகத்தில் கிடையாது. ஆனால் அது என்ன கேட்கும்? இந்த மூவரில் யார் செய்த தியாகம் பெரியது? இந்தப் பாவம் யாரைச் சேரும்? அரசன் ஏன் சிரித்தான்? கதையை எத்தனை முறை புரட்டினாலும் பதில் கதைக்குள் எழுதியிருக்காது. கேட்டவன் தன் நியாயபுத்தியிலிருந்து எடுத்துத் தர வேண்டும். சின்ன வயதில் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானாக ஒரு பதில் யோசிப்பேன். விக்கிரமாதித்தன் சொல்வது வேறாக இருக்கும். அப்போது வரும் கோபம் இருக்கிறதே, அதுதான் வாசிப்பு.

அந்த வேதாளத்தை ஒரு வாசிப்பு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்கு வைத்தால் என்ன கேட்கும்? 'வேதாளம் தொங்கிக்கொண்டிருந்தது எந்த மரத்தில்? அ) ஆல் ஆ) அரசு இ) முருங்கை ஈ) புளி.' நூற்றுக்கு நூறு வாங்கலாம். ஒரு தலையும் வெடிக்காது.

முதல் ஹாரி பாட்டரின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. அதில் தெரிவது முகம் இல்லை, மனசின் ஆழத்தில் இருக்கும் ஆசை. அம்மா அப்பா முகமே ஞாபகமில்லாத ஹாரி அதில் அவர்களைப் பார்க்கிறான். மறுநாளும் போகிறான், அதற்கடுத்த நாளும் போகிறான். நண்பன் கூட்டிப் போனதைப் பார்க்கும்போது அவனுக்கு வேறு காட்சி. இதற்கு முன்னால் உட்கார்ந்தே வாழ்க்கையை வீணடித்தவர்கள் உண்டு என்று தலைமையாசிரியர் வந்து எச்சரிக்கிறார். இந்த நாவலை எழுதத் தொடங்கிய சில மாதங்களில், 1990 டிசம்பரில், ரௌலிங்கின் தாய் இறந்துபோனார். கதையில் இழப்பு கனத்துப்போனது அதற்குப் பிறகுதான். செத்துப்போனவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தால் அது வரமா சாபமா என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கும் புத்தகம் இது. இதிலிருந்து எந்தக் கேள்வியைத் தயாரித்து எந்த நாலு விடையைப் போடுவது? கண்ணாடியின் பெயர் என்ன என்று கேட்கலாம். கேட்பார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. புள்ளிக்காகப் படிக்கச் சொல்லும் இந்தப் புத்தகமே புள்ளிகளைக் கேலி செய்யும் புத்தகம். ஹாக்வர்ட்ஸில் நாலு இல்லங்கள், எல்லாவற்றுக்கும் புள்ளி. பிடிக்காத பையன் என்றால் ஸ்னேப் வெட்டுவார். எல்லாப் பதிலும் தெரிந்த ஹெர்மயனி கை தூக்கிக்கொண்டே இருப்பாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரே ராத்திரியில் மூன்று பிள்ளைகளிடமிருந்து 150 புள்ளி போகிறது, நேற்றுவரை கொண்டாடிய கூட்டம் ஹாரியிடம் பேசுவதை நிறுத்துகிறது. கடைசி விருந்தில் ஸ்லிதரின் 472, க்ரிஃபிண்டோர் 312. தலைமையாசிரியர் எழுந்து ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60 கொடுக்கிறார். சமநிலை. பிறகு நெவிலுக்குப் பத்து. வருஷம் முழுக்கத் தவளையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த நெவில் லாங்பாட்டத்துக்கு, சொந்த நண்பர்களையே எதிர்த்து நின்றதற்காகப் பத்து. கோப்பை அந்தப் பத்தில் கை மாறுகிறது.

ஸ்லிதரின் பிள்ளைகள் கோணத்தில் பார்த்தால் பச்சை அநியாயம். லீடர்போர்டை அட்மின் கடைசி நிமிஷத்தில் திருத்துவதுபோல. இதை வகுப்பில் பேசவைத்துப் பாருங்கள், ரெண்டு மணி நேரம் சண்டை போடுவார்கள். நெவிலின் பத்தைத் தரச் சூத்திரத்தால் முடியாது. அதற்கு ஒரு மனிதர் கவனித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை கணினிக்குப் போய்ப் பன்னிரண்டு புள்ளி வாங்கிக்கொண்டு வருகிறது. இதைக் கேலிச்சித்திரமாகப் போட்டால் மிகை என்பார்கள்.

*

எதிர்வாதங்கள் இருக்கின்றன. அவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைகள் இருபத்தைந்து பேர் என் வகுப்பில். யார் படிக்கிறார்கள், யார் படிப்பதுபோல நடிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" இதைக் கேட்கும் ஆசிரியரிடம் எனக்குச் சண்டை இல்லை. அளவீடு அவருக்கு வேண்டும். எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் திணறுகிறது என்று கண்டுபிடிக்கத் தேர்வு வைக்கட்டும், முடிவைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவர் நம் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறார், அதை நெற்றியில் ஒட்டி அனுப்புவதில்லை.

எங்கள் துறையில் இதற்கு உதாரணம் தெருவுக்குத் தெரு உண்டு. எழுதிய நிரலில் எத்தனை சதவீதம் சோதிக்கப்பட்டது என்று ஓர் எண் வரும். குறை எங்கே இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளும்வரை அது அருமையான எண். மேலதிகாரி அதை இலக்காக்கி 80 சதவீதம் வேண்டும் என்று சொன்ன மறுவாரம், எதையுமே சோதிக்காத சோதனைகள் முளைத்துவிடும். எண் 80 காட்டும், வாடிக்கையாளரிடம் போனதும் உடையும். இலக்காக மாறிய அளவுகோல் அளவுகோலாக இருக்காது என்று குட்ஹார்ட் பெயரில் ஒரு விதியே உண்டு. பத்துப் புள்ளிக்காகப் படிக்கும் பிள்ளை பத்துப் புள்ளி வாங்கும் வழியைக் கற்றுக்கொள்கிறது. சிறிய புத்தகமா, எளிய தேர்வா, படத்தைப் பார்த்துவிட்டே எழுதலாமா என்று.

"எப்படியோ படிக்கிறார்கள் அல்லவா" என்பது இரண்டாவது வாதம். படிக்கிறார்களா? அமெரிக்க அரசின் நீண்டகால மதிப்பீட்டில், 13 வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட தினமும் ஆசைக்குப் படிப்பதாகச் சொன்னவர்கள் 2012-ல் 27 சதவீதம், 2023-ல் 14 சதவீதம். பழியை எல்லாம் புள்ளித் திட்டங்கள்மேல் போட மாட்டேன், கைபேசி இருக்கிறது, கொரோனா வந்துபோனது. ஆனால் பல்லாயிரம் பள்ளிகளில் வருஷக்கணக்காகப் புள்ளி போட்டும் சரிவு நிற்கவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இலக்கியவாதிகளின் வாதம். 2000-ல் ஹெரால்ட் ப்ளூம் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இந்தப் புத்தகத்தைக் கிழித்து எழுதினார், தேய்ந்த சொற்கள், சொந்தக் கற்பனை இல்லை என்று. நடையைப் பற்றி அவரோடு பெரிதாகச் சண்டையிட மாட்டேன். ஆனால் இதை விட்டுவிட்டு உயர்ந்ததைக் கொடு என்பதும் இன்னொரு ஸ்டிக்கர்தான். அது தங்க நிற ஸ்டிக்கர், அவ்வளவுதான் வித்தியாசம். ரௌலிங்கின் இன்றைய அரசியல் கருத்துகளை முன்வைத்து இதை வகுப்பில் வைக்கலாமா என்பது வேறொரு விவாதம், அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.

நாலாவது வாதத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. அது நம்மவர்களுடையது. அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் கூடும் இடங்களில் போய் நின்று பாருங்கள். "உங்க பொண்ணு எத்தனை பாயின்ட்?" பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த வாய், கடல் தாண்டி வந்தும் கேட்காமல் இருக்க மாட்டேன் என்கிறது. ரேங்க் கார்டுக்கு இங்கே ஓர் ஈடு கிடைத்ததும் பிடித்துக்கொண்டோம். பாட்டி மடியில் படுத்துக் கதை கேட்டவர்கள்தான் நாமெல்லாம். அந்தப் பாட்டி நம் லெவல் என்ன என்று கேட்டாளா? நாலு வயதுப் பிள்ளைக்குத் திரௌபதியின் துகிலை உரிந்த கதையைச் சொன்னாள். புரிந்தது புரிந்தது, மீதி பிறகு புரிந்தது.

*

பிறகு எப்படித்தான் அறிமுகம் செய்வது? நான் கல்வியாளன் இல்லை. ஆனால் தெரிந்த வழி ஒன்றைச் சொல்கிறேன், செலவில்லாதது.

வாசித்துக் காட்டுங்கள். ஜிம் ட்ரிலீஸ் என்ற பத்திரிகையாளர் 1979-ல் 'த ரீட்-அலவுட் ஹேண்ட்புக்' என்ற புத்தகத்தை எழுதியதிலிருந்து வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: பிள்ளையின் காதுக்குப் புரிவது அதன் கண்ணுக்குப் புரிவதைவிட எப்போதும் முன்னால் ஓடுகிறது, எட்டாம் வகுப்பு வாக்கில்தான் இரண்டும் சந்திக்கின்றன. அப்படியென்றால் நாலாம் வகுப்புக்கு 5.5 ஒரு பொருட்டே இல்லை. வகுப்பில் தினமும் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் வாசியுங்கள். ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். முன்னுரை வேண்டாம், ஆசிரியர் குறிப்பு வேண்டாம், இதிலிருந்து நாம் கற்கும் நீதி என்ன வேண்டாம். யார் எந்த இல்லம் என்று பிள்ளைகளைப் பிரித்துத் தொப்பி மாட்டும் விளையாட்டும் முதல் வாரத்தில் வேண்டாம். ஹாக்வர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே ஹாரிக்கு இன்னும் தெரியாது, பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் நடுக்கடல் பாறைமேல் ஒரு குடிசை, வெளியே புயல். ஹாரியின் பதினோராம் பிறந்தநாள் பிறக்கும் நொடியில் கதவை யாரோ இடிக்கிறார்கள். அங்கே நிறுத்துங்கள். புத்தகத்தை மூடி, ஏழெட்டுப் பிரதிகளை மேசைமேல் வையுங்கள், ஸ்டிக்கர் இல்லாமல். வேண்டுமென்கிறவர் எடுத்துக்கொண்டு போகட்டும். நாற்பது பக்கத்தில் சலித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு பையன் மூன்று மாதம் வைத்துக்கொண்டு ஒரே ஒரு அத்தியாயத்தை எட்டு முறை படித்தான் என்றால் அதையும் கேட்காதீர்கள். தானாகப் படிக்க முடியாத பிள்ளைக்கு ஒலிப்புத்தகம் கொடுங்கள். எல்லாரும் படித்து முடித்தார்களா என்ற கவலை உங்களை அரித்தால், ஒரு நாள் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நெவிலுக்குப் பத்துக் கொடுத்தது நியாயமா?

படித்தவர்கள் யார் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.